பலகை சாய்ந்திருக்கிறதா

பலகை சாய்ந்துதான் இருந்தது. இல்லை, எங்கே சாய்ந்திருந்தது, நேராகத்தானே கிடக்கிறது, சாய்ந்தது தன் கழுத்தாக இருக்கும், இத்தனை கனத் தலைப்பாகையையும் டோப்பாவையும் வைத்து இறுக்கிவிட்டால் எவன் கழுத்துதான் நேராக நிற்கும் என்று ஏகாம்பரம் தனக்குள் சொல்லிக்கொண்டான், சொல்லிக்கொண்டே மறுபடியும் பார்த்தான். இந்தக் கண் இருக்கிறதே, போகாதே என்றால் அங்கேதான் போகும். திண்டிவனம் தாண்டி, யாரோ தோண்டித் தின்றுவிட்டுக் கைவிட்ட கல்குவாரிக்குள் பிளைவுட்டிலும் பிளாஸ்டரிலும் ஒரு கோட்டையையே எழுப்பி வைத்திருந்தார்கள். மதிலுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாத மூலையில், மஞ்சள் கிரேன் நான்கு பக்கமும் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு தடித்த மரப்பலகை. மூன்று கால்கள் பாறைமேல். நாலாவது கால் மட்டும் குவாரிக்காரன் என்றைக்கோ கொட்டி நிரவிய மண்மேல். ராத்திரி நல்ல மழை வேறு. அந்தக் கிரேனின் மூக்கிலிருந்து இறங்குகிற ரோப்பைத்தான் இன்னும் சற்று நேரத்தில் ஏகாம்பரத்தின் முதுகு பெல்ட்டில் மாட்டுவார்கள். எரிகிற மரப்பாலத்தில் அவன் ஓடிவந்து பள்ளத்துக்குமேல் பாய வேண்டும், அந்தப் பக்கம் ஆட்கள் ரோப்பை இழுக்க வேண்டும், அவன் பறந்துபோய் எதிரிக் கூடாரத்தின் நடுவில் இறங்க வேண்டும். கீழே வெறும் பாறை. அட்டைப்பெட்டி அடுக்கலாமா என்று கேட்டதற்கு, அடுக்கினால் ஃப்ரேமில் தெரியும் என்றுவிட்டார்கள். ஆக, அந்தப் பலகையை நம்பி அந்தக் கால், காலை நம்பிக் கிரேன், கிரேனை நம்பி ரோப், ரோப்பை நம்பி இவன். காலையில் வந்ததும் பார்த்தபோது பலகையின் ஒரு முனை விரல் கனம் மண்ணுக்குள் இறங்கியிருந்த மாதிரி இருந்தது. மாதிரிதான். கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண முடியாது.

காஸ்ட்யூம் பையன் முதுகுப்பக்கம் கவசத்தின் வாரை இழுத்து முடிந்தான், மூச்சை உள்ளே இழுங்கண்ணே என்றான், இழுத்தான். கவசத்துக்குள்ளே ஹீரோவின் சென்ட் வாடை. நேற்று இதே உடுப்பில்தான் அந்தத் தம்பி அழுதது. கதை அப்படி. கும்பினிக்காரன் பீரங்கி முதல்முறை முழங்கினதுமே ஒரு தளபதியின் மகன் வாளைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுகிறான். ஊரே காறித் துப்புகிறது. பெற்ற தாய் ஒரு வார்த்தை பேசவில்லை, வாசலில் அவன் மிதித்து வந்த தடத்தின்மேல் சாணித்தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அப்புறம் காடுமேடெல்லாம் அலைந்து திரிந்து, கடைசியில் சிறைப்பட்ட கூட்டாளிகளை மீட்க எரிகிற பாலத்தில் தனியாளாகத் திரும்பி வருகிறான். ஓடிப்போகிறதெல்லாம் ஹீரோ, திரும்பி வருகிறதெல்லாம் ஏகாம்பரம். நல்ல பங்கீடு. நேற்று அழுகிற சீனுக்கு முன்னால் அந்தத் தம்பி மரியாதையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அண்ணே, நிஜமான பயம் எப்படி இருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்று கேட்டது. பயமா, எனக்கா சார் என்று ஏகாம்பரம் சிரித்தான். யூனிட்டே சிரித்தது. அப்புறம் ஷாட்டில் அது கண்ணை அகல விரித்தது, உதட்டை நடுக்கியது, எல்லாரும் கைதட்டினார்கள். எவனுக்குத் தெரியும்? நிஜப் பயம் வந்தால் கண்ணா விரியும்? கொட்டாவி வரும். ஒன்றுக்கு வருகிற மாதிரி இருக்கும், போனால் வராது. சம்பந்தமில்லாமல் வீட்டில் கேஸ் சிலிண்டருக்குச் சொன்னோமா என்று யோசனை ஓடும். இப்போதும் கொட்டாவி வந்தது. ஒட்டுமீசை பிய்ந்துவிடப் போகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

டூப்புக்கு விதி ஒன்றே ஒன்று, முகத்தைக் காட்டாதே. ஓடு, விழு, எரி, என்ன வேண்டுமானாலும் செய், கேமராவுக்கு முதுகைக் கொடுத்துச் செய். இத்தனை வருஷத்தில் எத்தனை படம், ஒன்றிலாவது மூக்கு நுனி தெரிந்ததா? கல்யாணமான புதிதில் இவன் பெண்டாட்டி கஸ்தூரி, தியேட்டரில் பக்கத்துச் சீட்டுப் பொம்பளையிடம், அந்த முதுகு எங்க வீட்டுக்காரரோடது என்று பெருமையாகச் சொன்னாள். அந்தப் பொம்பளை இவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சீட்டு மாறிப் போய்விட்டாள். இந்தப் படத்தில் வேறு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் முதுகில் காயம் பட்டவன் ஆம்பளை இல்லை என்று வசனம். எழுதினவர் ஒருநாளாவது இவன் சட்டையைக் கழற்றிப் பார்த்திருந்தால் தெரியும், முன்பக்கம் வழுவழு, பட்டதெல்லாம் பின்பக்கம்தான். கண் மறுபடி பலகைக்குப் போனது. கிரேன்காரர் அதன்மேலேயே ஒரு காலை வைத்துக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவர் கால் வைத்ததால் சாய்ந்ததா, சாய்ந்திருந்ததால் காலை வைத்தாரா. ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஏகாம்பரம் நடந்துபோய், சும்மா பேச்சு வாக்கில், ராத்திரி மழை ஜாஸ்தியோ, இந்த மண்ணு தாங்குமா என்றான். கிரேன்காரர் பீடியை எடுத்துவிட்டு இவனை மேலும் கீழும் பார்த்தார். காற்றாடி டவரையே தூக்கி நிறுத்தின வண்டி, உன்னைத் தூக்காதா, நீ என்ன அவ்வளவு கனமா என்றார். சுற்றி நின்றவர்கள் சிரிக்க, இவனும் சிரித்துவிட்டு வந்தான். கேட்டதற்குப் பதில் வரவில்லை, கேட்டதாகவும் ஆகவில்லை.

கேட்கக் கூடாதுதான். காலையிலேயே கிரேனுக்குப் பொட்டு வைத்து, ரோப்புக்குக் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தாயிற்று. உடைத்த பிறகு ஃபைட்டர் வாயில் அந்த வார்த்தை வரவே கூடாது. பயம் என்று ஒரு வார்த்தை இந்தத் தொழிலிலேயே கிடையாது, யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் கிடையாது. அதற்குப் பதில் ஒன்று உண்டு. மாஸ்டர், வயிறு சரியில்லை. அவ்வளவுதான். சொன்னவனை யாரும் குடைய மாட்டார்கள், கேலி பண்ண மாட்டார்கள், சொல்லாத ஆள் எவன் இருக்கிறான்? மாஸ்டர் தயாளனே ஃபைட்டராக இருந்த காலத்தில் ரெண்டு தடவை சொல்லியிருக்கிறார். வயிறு சரியில்லாதவன் போய் ஓரமாக உட்கார்ந்து சோடா குடிப்பான், அடுத்தவன் உடுப்பை மாட்டிக்கொண்டு போவான், ஷாட் நடக்கும், சாயங்காலம் ஒன்றாக டீ குடிப்பார்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடு, யார் மானமும் போகாது. ஆனால் ஒன்று. வயிறு சரியில்லை என்றால் ஆளைத்தானே மாற்றுவார்கள், ரோப்பையா மாற்றுவார்கள்?

அன்றைக்கு ரோப்பைத்தான் மாற்றியிருக்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பழைய மில் கட்டடம், மூன்றாவது மாடி விளிம்பு, வில்லனின் அடியாளாகப் பின்பக்கமாக விழ வேண்டியவன் ஏகாம்பரம். கற்பூரம் காட்டி முடித்த பிறகுதான் பார்த்தான், கப்பியில் உரசுகிற இடத்தில், உள்ளங்கை நீளத்துக்கு, கயிறு பிசிறு தட்டியிருந்தது. இன்றைக்குப் பலகை மாதிரி, மாதிரி இல்லை, அப்பட்டமாகப் பார்த்தான், பூனை முதுகுபோல மயிர் மயிராக நின்றது. ரோப்பைப் பார்த்துக்கொண்டவன் அப்போதைய மாஸ்டரின் மச்சான். கற்பூரம் காட்டின கயிற்றை, மாஸ்டர் மச்சான் கட்டின கயிற்றை, நேற்று முளைத்த ஏகாம்பரம் நொட்டை சொல்வதா? தலை கிறுகிறுத்தது, கொட்டாவி வந்தது. மாஸ்டர், வயிறு சரியில்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. முனிரத்தினம் நீ வா என்றார் மாஸ்டர். வியாசர்பாடியில் ஒரே தெரு, ஒரே கரகாட்டக் கூட்டத்தில் பல்டி பழகி, ஒரே நாளில் யூனியன் கார்டு வாங்கின முனி. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். இன்னாடா ஏகா, நேத்து எவன் வீட்டு பிரியாணி என்று கேட்டுக்கொண்டே ஏகாம்பரத்தின் உடம்பிலிருந்து சட்டையைச் சூட்டோடு உருவி மாட்டிக்கொண்டான். பித்தான் போடுகிறபோதாவது சொல்லியிருக்கலாம். முனி, அந்தக் கயிறைப் பாரு. நாலே வார்த்தை. ஆனால் வயிற்றுவலிக்காரன் கயிற்றைப் பற்றிப் பேசினால் வயிற்றுவலி பொய்யென்று ஆகிவிடுமே. அதனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மில்லுக்குப் பின்னால் கக்கூஸ் சுவரோரம் போய் உட்கார்ந்தான். யாரும் பார்க்காத இடத்திலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தான், அது ஞாபகம் இருக்கிறது. ஆக்‌ஷன் என்ற குரல் கேட்டது. அப்புறம் ஒரு சத்தம், பெரிதாக ஒன்றுமில்லை, லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்கினாற்போல.

முனி சாகவில்லை. இடுப்புக்குக் கீழே போய்விட்டது. ஹவுசிங் போர்டு தரைத்தளத்தில் ஜன்னலோரக் கட்டில், காற்றாடியின் சத்தம், பவுடர் வாசனை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏகாம்பரம் போகிறான், ஊரெல்லாம் சிநேகிதம் என்றால் அது சிநேகிதம் என்கிறது. அவன் பெண்டாட்டி பவானி ஒருத்தியால் புரட்ட முடியாது என்று இவன் தோளைக் கொடுத்துப் புரட்டிவிடுவான், அவள் புண்ணைத் துடைப்பாள், இவன் அந்த முதுகைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்ப்பான். நுழைந்ததுமே முனி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, வருஷக்கணக்காக அதே கேள்வி, வயிறு எப்டி இருக்குது வாத்யாரே? சிரித்துக்கொண்டேதான் கேட்பான். அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நீ பயந்தே, நான் போனேன், நான் பயந்த அன்னிக்கு நீ போயிருக்க, தொழில் இதுதானேடா என்பான். பயந்தது அவனுக்குத் தெரியும். பார்த்தது தெரியாது. அந்த ஒரு பிசிறு மட்டும் இவனிடமே தங்கிவிட்டது, அன்றிலிருந்து ஷாட் உள்ள நாளெல்லாம் விடிந்ததும் நிஜமாகவே வயிற்றைப் பிசைகிறது, ஒருவாய் இட்லி இறங்காது. பொய்யாகச் சொன்னதை உடம்பு நிஜமென்று எடுத்துக்கொண்டுவிட்டது. எவ்வளவு குதித்தாலும் அது போகவில்லை. அதற்கப்புறம் ஏகாம்பரம் ஒரு ஷாட்டையும் விட்டதில்லை, தீயில் குதித்தான், லாரியிலிருந்து உருண்டான், பயமறியாத ஆள் என்று பேர் எடுத்தான். அந்தப் பேரைக் கேட்கிறபோதெல்லாம் வாந்தி வருகிற மாதிரி இருக்கும்.

மைக்கில் தயாளன் மாஸ்டர் கூப்பிட்டார். வெயில் மேகத்துக்குள் போய்விட்டது, வெளிச்சம் போவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று டைரக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறுகிற இடத்தில் பிரதாப் நின்றான். புதுப் பையன், இருபத்துநாலு வயசு, பாம்பு மாதிரி உடம்பு, ஏகாம்பரம் போலவே தோளைச் சாய்த்து நடந்து காட்டிக் கேன்டீனில் எல்லாரையும் சிரிக்க வைப்பான். அவனுக்கும் இதே அளவில் ஒரு கவசம் தைத்துத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது, மாற்று ஆள் அவன்தான். மாஸ்டர் ஏகாம்பரத்தின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், முகத்தையும் பார்த்தார். என்ன, வயிறெல்லாம் சரியா இருக்கா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கேட்டதில் குத்தல் இல்லை, கரிசனம்தான், வயசாகிறது உனக்கு, வேண்டுமானால் சொல்லிவிடு என்கிற கரிசனம். பின்னாலேயே பிரதாப் ஆசையாகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தால் போதும், கவசம் கழன்றுவிடும், சோடா வரும், அந்தப் பையன் கைதட்டலோடு மேலே ஏறுவான். நாக்கு நுனி வரை வந்தது. நல்லா இருக்கு மாஸ்டர் என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தான்.

மேலே போனதும் காற்று. பாலத்தின் தொடக்கத்தில், கேமராவுக்கு முதுகைக் கொடுத்து நின்றான், பின்னால் கொக்கியை மாட்டினார்கள், க்ளிக் என்று முதுகெலும்பில் கேட்டது. கீழே பாறை சின்னதாகத் தெரிந்தது. இங்கிருந்து பலகை தெரியாது, நல்லவேளை என்று நினைத்தான், பார்த்தால் தெரிந்தது. சனியன். சாய்ந்திருக்கிறது. வெயில் இல்லாததால் அப்படி. வெயில் இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. பாய்ந்துவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, எத்தனை பாய்ச்சல் பார்த்தாயிற்று. ஆனால் போனால் நான்தானே போவேன் என்று நினைத்ததும் ஆச்சரியமாக ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் நிஜமாகவே பயந்தான். அட, இதற்காகவா இத்தனை வருஷம் குதித்துக்கொண்டிருந்தேன். முனிக்குக் கொடுக்க வேண்டியதைப் பாறையிடம் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்றா. பாறைக்கும் முனிக்கும் என்ன சம்பந்தம்? முனி மாதிரி கிடந்தால் என்னைக் கஸ்தூரி தனியாகப் புரட்டுவாள், காலண்டரைப் பார்க்க எவன் வருவான்? சரி, நான் பாய்ந்து நல்லபடியாக இறங்கினேன் என்றே வை, ஒன்மோர் கேட்பார்கள், இவனுக்கு மூச்சு வாங்குகிறது அந்தப் பையனை ஏற்று என்பார்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் கிரேனின் கால் மண்ணுக்குள் விரல் விரலாக இறங்கும். பாய்ந்தாலும் பிரதாப், பாயாவிட்டாலும் பிரதாப். நான் பயப்படுகிறேன், அதனால் எனக்குச் சாய்வாகத் தெரிகிறது. இருக்கலாம். அன்றைக்கும் பயந்தேன், அன்றைக்குக் கயிறு நிஜமாகவே பிசிறாகத்தான் இருந்தது. பயந்தவன் கண்ணுக்குப் பொய்யும் தெரியும், மெய்யும் தெரியும், எது எது என்று எப்படிப் பிரிப்பது? பிரிக்க வேண்டாமே. பயமாக இருக்கிறது, அதுமட்டும் சந்தேகமில்லாத மெய். கீழே கேஸ் குழாயைத் திறந்தார்கள், பாலத்தின் இரண்டு பக்கமும் குபீரென்று தீ பிடித்தது, கன்னம் சுட்டது. கேமரா ஓடுகிறது என்று யாரோ சொன்னார்கள். மாஸ்டர் எண்ண ஆரம்பித்தார். கொட்டாவி வந்தது. ஆக்‌ஷன்.

ஏகாம்பரம் திரும்பினான். பள்ளத்துக்கு முதுகைக் கொடுத்து, கேமராவுக்கு நேராக முகத்தை வைத்தான். தொழிலுக்கு வந்து முதல்தடவை. தலைப்பாகையைக் கழற்றினான், டோப்பாவும் கூடவே வந்தது, வழுக்கைத் தலையில் காற்றுப் பட்டது.

"மாஸ்டர், எனக்குப் பயமா இருக்கு."

தீயின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தான். கேட்டிருந்தது. கீழே அத்தனை பேரும் அசையாமல் நின்றார்கள், ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல. மாஸ்டர் மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தொண்டையிலேயே கத்தினார், வயிறு சரியில்லேன்னா இறங்கி வாய்யா, பிரதாப் வரட்டும். அவர் காப்பாற்றத்தான் பார்த்தார், பாவம், நல்ல மனுஷன்.

"வயிறு நல்லா இருக்கு மாஸ்டர். பயமா இருக்கு. கிரேன் கால் மண்ணு மேல நிக்குது, பலகை இறங்கின மாதிரி தெரியுது. நான் பாய மாட்டேன். அந்தப் பையனையும் ஏத்தாதீங்க. ஏத்தினீங்கன்னா நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

மூக்கு ஒழுகியது, கண் விரியவே இல்லை. கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கட் சொல்ல டைரக்டருக்கு வாய் வரவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்தாற்போல நடந்தது, தீயை அணைத்தார்கள், யாரோ சிரித்தார்கள், யாரோ வளையல் வாங்கிட்டு வாங்கடா என்றார்கள். இறங்கி வந்தபோது மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவன் காதோடு, வயித்துவலின்னு சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்குமேய்யா என்று மட்டும் முணுமுணுத்தார். பிரதாப் நேருக்கு நேராக வந்து நின்றான். முதல் பெரிய ஷாட் கைக்கு வந்து நழுவின கோபத்தில் அவன் உதடு வெளுத்திருந்தது.

"உங்களுக்கு பயம்னா நீங்க இறங்குங்கண்ணே. எனக்காக நீங்க ஏன் பயப்படுறீங்க? நான் கேட்டனா?"

முனியும் கேட்கவில்லைதான்.

கிரேன்காரர் ஆடித்தீர்த்தார். ஊரறிந்த வண்டியை ஒரு டூப் குறை சொல்வதா என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, காலைத் தூக்கி, மண்ணைக் கொத்தி நிரவி, பழைய பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு, இரும்புத் தகட்டைப் போட்டு அதன்மேல் புதுப் பலகை வைத்து ஊன்றினார். போதுமாடா சாமி என்று இவன் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். முதலில் ஒரு மணல்மூட்டைக்குக் கவசத்தை மாட்டிப் பறக்க விட்டார்கள். மூட்டை அழகாகப் பறந்து, கூடாரத்தின் நடுவில் இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டான். யூனிட் மூட்டைக்குக் கைதட்டியது, இவனைப் பார்த்துக்கொண்டே தட்டியது. அப்புறம் பிரதாப் ஏறினான். ஓடினான், பாய்ந்தான், தீயைக் கிழித்துக்கொண்டு பறந்தான், என்ன அழகு, தான் ஒருநாளும் அப்படிப் பறந்ததில்லை என்று ஏகாம்பரத்துக்கே தெரிந்தது. இறங்கி, முட்டி போட்டு, எழுந்து நின்றான். இரண்டு காலில். முழுசாக. டைரக்டர் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார், ஹீரோ கைகொடுத்தது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை, கிழவன் பயந்துதான் போனான். தூக்கி எறிந்த பழைய பலகை சேற்றில் குப்புறக் கிடந்தது. ஏகாம்பரம் போய் அது இருந்த இடத்தைப் பார்த்தான். கொத்தி நிரவியிருந்தார்கள். சாய்ந்திருந்ததா என்று இனிமேல் அந்த மண்ணுக்குக்கூடத் தெரியாது.

ஒன்மோர் என்றார்கள். ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆள் ஒருத்தர் தென்னந்துடைப்பத்தோடு வந்து பாலத்தின் முகப்பில் கொட்டியிருந்த செம்மண்ணில் காலடித் தடங்களைப் பெருக்கி அழித்துக்கொண்டிருந்தார். அடுத்த டேக்குக்குத் தரை புதிதாக இருக்க வேண்டும், ஓடி வருகிறவன் தடத்துக்கு முன்னால் வேறு தடம் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏகாம்பரம் கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வழியாக நடந்தான். அண்ணே, கொஞ்சம் அந்தாண்ட சுத்திப் போங்க, உங்க தடத்தை இப்பத்தான் அழிச்சேன் என்றார் அவர், கோபமில்லாமல். சுற்றிப் போனான். சுற்றுவழி கேமராவுக்கு முன்னால் போயிற்று, யாரும் முகத்தைத் திருப்பச் சொல்லவில்லை. மானிட்டரில் அவன் முகம் உறைந்து நின்றது, ஒட்டுமீசை ஒரு பக்கம் தொங்க, வழுக்கையோடு, மூக்கு ஒழுக. அசிஸ்டென்ட் பெண் ஒருத்தி அதை ஒரு கணம் பார்த்துவிட்டு வேண்டாத டேக்குகளோடு தள்ளினாள். நாளைக்கு யூனியன் முழுக்கத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் முனிக்கும் தெரிந்துவிடும், பிரதாப் என்ன பாய்ச்சல் பாய்ந்தான் என்பதோடு சேர்த்துத் தெரியும். அவன் சிரிப்பான், வயிறு எப்படி என்பான். பலகையைச் சொன்ன வாயால் கயிற்றையும் சொல்லத்தான் வேண்டும், சொன்னால் அவன் சிரிப்பு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான், நினைக்க முடியவில்லை. இதைவிட அந்தப் பாறை லேசு. இன்றைக்குக் காப்பாற்றினதை எடுத்துக்கொண்டு போய் அன்றைக்கு விட்டதற்கு ஈடு கட்ட முடியாது, அவன் கால் அவனுக்கு வராது. பின்னால் தீ பற்றுகிற சத்தம், ஆக்‌ஷன், கைதட்டல். பையன் மறுபடியும் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

சாப்பாட்டுப் பந்தலில் யாருமில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, பசித்தது. ஷாட் உள்ள நாளில் பசித்ததே இல்லை, என்ன இது என்று வயிற்றின்மேல் கையை வைத்துப் பார்த்தான். பிசையவில்லை, வெறும் பசி. புரடக்‌ஷன் ஆள் இலையைப் போட்டு, சாதத்தை வைத்து, சாம்பாரை ஊற்றினார். விஷயம் அதற்குள் பந்தலுக்கும் வந்துவிட்டிருந்தது, அவர் வாயோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வயிறு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் சாதம் வை."

அவர் வைத்தார். ஏகாம்பரம் குனிந்து பிசைந்தான், ஒருவாய் எடுத்துப் போட்டான், இறங்கியது.